பள்ளிக்கு பெஸ்ட் கண்ட்ரோல் (எலி, பூச்சி ஒழிப்பு) ஒப்பந்தம் போடப் போறீங்களா? உஷார்! ரூ.76,700 போச்சு

"ரீஃபண்டுக்கு எலிஜிபிள் இல்ல மேடம்" என்று பணம் வாங்கிய ஆப்காரர்கள் இன்று காலை சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மற்ற பள்ளிகள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு கிராமத்து அரசு உதவி பெறும் பள்ளி அலுவலகத்தில். பழைய கட்டடம். சத்துணவுக் கூடம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. காலை உணவும் வந்தபிறகு அரிசி, ரவை, பருப்பு, முட்டை என்று ஸ்டோர் ரூம் எப்போதும் நிறைந்தே கிடக்கும். எலியும் கரப்பானும் சும்மா இருக்குமா? பதிவேட்டு அறையில் கரையான் வேறு. பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, "இதுக்கு ஒரு வழி பண்ணுங்க டீச்சர்" என்று எங்கள் தலைமை ஆசிரியை கையில் கொடுத்த பணம் அது. ஒப்பந்தத் தொகை 65,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 11,700. மொத்தம் ரூ.76,700.

கம்பெனி பெயரைப் போடவில்லை, அதற்கான வேலை தனியாக நடக்கிறது. வகையை மட்டும் சொல்கிறேன். பள்ளி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல்களுக்கு பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களை அனுப்பி, எந்த இடத்தில் என்றைக்கு என்ன மருந்து வைத்தார்கள் என்று போனிலேயே கணக்குக் காட்டும் ஒரு ஆப். கணக்கு பார்க்க முடியும் என்பதற்காகத்தான் அதைப் பிடித்தோம்.

முதலில் பார்வையிட வந்த ஆளைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் ரூமில் உட்காரவே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக ஸ்டோர் ரூமுக்குள் போனார். அரிசி மூட்டையைத் தானே நகர்த்தினார், அலமாரிக் கதவின் கீலில் டார்ச் அடித்து, ஒட்டிக்கொண்டிருந்த கரப்பான் முட்டைக் கூட்டைக் கிள்ளி எடுத்துக் காட்டினார். காராமணி விதை மாதிரி பழுப்பாக இருந்தது. பிறகு பதிவேட்டு அறை. நிலைக்கதவை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பொத்தென்று சத்தம். சுவரோரம் ஏறியிருந்த மண் கோட்டை நகத்தால் சுரண்டியதும் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஓடியது. இத்தனை வருடத்தில் எங்கள் பள்ளியை இப்படிக் குனிந்து பார்த்தவர் எவரும் இல்லை.

தலைமை ஆசிரியைக்கு ஒரே பயம் எலி மருந்துதான். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனது இங்கே யாருக்கு மறக்கும்? அதைக் கேட்டதும் அந்த ஆள், "சின்னப் பசங்க இருக்கிற இடம் மேடம். உள்ள விஷமே வைக்க மாட்டோம், பசை அட்டைதான். மருந்துக் கட்டி வச்சாலும் பூட்டுப் போட்ட பெட்டியில, காம்பவுண்டு ஓரமாத்தான். கரப்பானுக்கு ஸ்ப்ரே கிடையாது, ஜெல்லுதான். கரையானுக்கு சுவரும் தரையும் சேர்ற இடத்துல அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மருந்து இறக்குவோம்" என்றார். ஒவ்வொரு பெட்டிக்கும் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். ஆள் வந்து ஸ்கேன் செய்தால்தான் ஆப்பில் பச்சை டிக் விழுமாம். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. கட்டி முடித்த கட்டடத்துக்குக் கரையான் மருந்து இறக்க ஐஎஸ் 6313 என்று இந்தியத் தரமே இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதியில் இப்படித்தான், 30 செ.மீ.க்கு ஒரு துளை, துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் என்று போட்டிருக்கிறது. வேலை தெரிந்தவர்தான். தெரிந்துகொண்டே ஏமாற்றினார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டினால் பள்ளி திறப்பதற்குள் முடித்துத் தருகிறோம் என்றார்கள். கட்டினோம். ரூ.76,700.

முதல் முறை நாலு பேர் வந்தார்கள். பெட்டி வைத்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள், துளை போடும் சத்தம் கேட்டது, சுவரோரம் வரிசையாக வெள்ளை சிமெண்ட் பொட்டு. அடுத்த முறை ஒரே ஒரு பையன். அதுவும் பள்ளி நடக்கும் நாளில், உலை கொதிக்கும் நேரத்தில். கையுறை இல்லை, முகமூடி இல்லை. மருந்தை ஒரு தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தான், லேபிள் கிடையாது. அந்த பாட்டிலை எண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு பம்ப் எடுக்கப் போய்விட்டான். சமையலர் அக்கா பார்த்துக் கத்தியிருக்காவிட்டால்? 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். அங்கேயும் விஷம் வந்தது சமையல் எண்ணெய் வழியாகத்தான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "என்ன மருந்துப்பா?" என்று கேட்டேன். "தெரியலக்கா, ஆபீஸ்ல ஊத்திக் குடுத்தாங்க" என்றான். அப்படி ஊற்றிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

அன்றே புகார் சொன்னோம். "டெக்னீஷியனை மாத்திடுறோம் மேடம்" என்றார்கள். மாற்றவில்லை. அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவே இல்லை. ஆனால் மாதம் தவறாமல் "சர்வீஸ் கம்ப்ளீட்டட்" என்று மெசேஜ், எல்லாப் பெட்டிக்கும் பச்சை டிக், கூடவே போட்டோ. சனிக்கிழமை வந்து போயிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஸ்டோர் ரூமில் எலிப்புழுக்கை குறையவில்லை என்று அமைப்பாளர் அக்கா சொன்ன அன்றைக்கு அந்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையல்கூடச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ஆகஸ்ட் ரிப்போர்ட்டிலும் சரி, செப்டம்பர் ரிப்போர்ட்டிலும் சரி, காலண்டரில் அதே ஜூன் மாதத் தேதி. பசை அட்டையில் அதே பல்லி, அதே வளைவில். முதல் நாள் எடுத்த படத்தையே மாதாமாதம் ஏற்றியிருக்கிறார்கள்! வாட்ச்மேன் அண்ணனின் கேட் நோட்டைப் புரட்டினால் அந்தத் தேதிகளில் ஒரு ஆள்கூட உள்ளே வரவில்லை. ஸ்டிக்கரை போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு எங்கிருந்தோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள். வேறு எப்படி டிக் விழும்?

உடனே பதிவேட்டு அறைக்குப் போனேன். வெள்ளைப் பொட்டு ஒன்றைச் சாவியால் சுரண்டினேன். அடியில் துளையே இல்லை, முழுத் தரை. அடுத்ததும் அப்படியே. கதவுப் பக்கம் நான்கைந்து மட்டும் உண்மையான துளை, மீதியெல்லாம் தரைமேல் அப்பிய சிமெண்ட். பீரோவுக்குப் பின்னால் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தொட்டால் அட்டைதான் கையோடு வந்தது, உள்ளே பாதிப் பக்கம் மண். பென்ஷனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதி கேட்டு வயதானவர்கள் இன்னமும் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் எதைப் பார்த்து எழுதிக் கொடுப்பேன்? ரூ.76,700 கூட எப்படியாவது வரலாம், அந்தப் பக்கங்கள் வராது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஆப்காரர்களைக் கேட்டால் "எங்க சிஸ்டத்துல கம்ப்ளீட்டட்னு காட்டுது மேடம்." படத்தில் காலண்டரைப் பாருங்கள் என்றால் "டிக்கெட் ரைஸ் பண்ணிருக்கோம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிட மாட்டார்கள். மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண், முதலிலிருந்து கதை. ஆப் வழியாக ஆள் அனுப்பிய, மருந்து அடிக்கும் கம்பெனியைக் கேட்டால் "பணம் ஆப்புக்குத்தானே கட்டுனீங்க, அவங்களையே கேளுங்க." அழகாகப் பேசி, முட்டைக் கூட்டைக் கிள்ளிக் காட்டிய அந்த மனிதர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இன்னொரு போனிலிருந்து பேசினால் "நான் அங்க இருந்து விலகிட்டேன் மேடம்." கடைசியில் பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அது பில் தேதிக்கு முன்பே ரத்தான எண். வரி என்று வாங்கிய 11,700-ம் அவர்கள் பாக்கெட்டுக்குத்தான். இன்று காலை, நான்கு முறை சர்வீஸ் எடுத்துவிட்டதால் ரீஃபண்ட் இல்லை என்கிறார்கள். எந்த நான்கு முறை?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. பெல் அடிக்கப் போகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

வருடப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தபின் கொடுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் வாங்கிய லைசென்ஸின் நகலைக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபாருங்கள். மருந்து கம்பெனி டப்பாவில், லேபிளோடு வரவேண்டும். லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணம் சிவப்போ மஞ்சளோ என்றால் கேட்டைத் தாண்ட விடாதீர்கள். பிள்ளைகள் இருக்கும்போது ஸ்ப்ரே கூடவே கூடாது. ஆப்பில் என்ன டிக் விழுந்தாலும் கேட் நோட்டில் கையெழுத்து இருந்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. துளை போடும்போது ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டோம். இதே மாதிரி ஆப்பில் ஒப்பந்தம் போட்டு ஏமாந்த பள்ளி வேறு ஏதாவது இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், எங்கள் ரிப்போர்ட் படங்களை அனுப்புகிறேன். உங்களுக்கு வந்த படங்களிலும் காலண்டரோ கடிகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.