ஐசிஎமைசர்: பெரிய ஸ்டாக்காரருக்கு வாங்கத் தகுந்ததா?

பரிசுக்குள் நுழைய இன்னும் ஒரே ஒருவர் வெளியேற வேண்டும். போக்கர் மேசையில் பெரிய ஸ்டாக், அதாவது பெரிய சிப் குவியல், உங்களுடையது. யாரை நெருக்குவது? டர்பன் கேசினோ டோர்னமென்ட்டுகளில் கேட்டால், ‘இருப்பதிலேயே சின்ன ஸ்டாக்கை’ என்ற பதில்தான் அதிகம் வரும். அது தப்பு என்று ரேண்ட் கணக்கிலேயே காட்டிவிடும் கருவி ஐசிஎமைசர்.

பிரவுசரில் ஓடும் கணிப்பான் இது. ஸ்டாக், பிளைண்ட் (முறை வரும்போது இருவர் போடும் கட்டாயச் சிப்), ஆன்ட்டி (அதற்கு மேல் போடும் சிறு கட்டாயச் சிப்), பரிசுப் பட்டியல் நான்கையும் கொடுத்தால், எந்தக் கையோடு ஆல்-இன் போகலாம் (எல்லாச் சிப்பையும் தள்ளலாம்), எதை வைத்து கால் செய்யலாம் (அதற்கு ஈடு கட்டலாம்) என்று 169 கட்டங்களில் நிறம் போட்டுக் காட்டும். அடியில் இருக்கும் ஐசிஎம் (சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் கணக்கு) சூத்திரம் 1973-இல் புள்ளியியலாளர் ஹார்வில் குதிரைப் பந்தயத்துக்காக எழுதியது. 1987-இல் போக்கர் எழுத்தாளர் மேசன் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். டர்பனின் கிரேவில் மைதானத்தில் ஜூலை பந்தயத்துக்கு ட்ரைஃபெக்டா (முதல் மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்வது) கட்டுபவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: முதல் குதிரையை எடுத்துவிட்டு, மிச்சத்தில் இரண்டாவது எது என்று பார்ப்பதுதான். குதிரையின் பலத்துக்குப் பதில் சிப்.

நால்வர் பாக்கி, மூவருக்குப் பரிசு: 5,000, 3,000, 2,000 ரேண்ட். ஸ்டாக் 10,000, 6,000, 3,000, 1,000. இரண்டாமவரின் 6,000 சிப் இப்போது ஏறக்குறைய 3,129 ரேண்ட் பெறும். பெரியவர் ஆல்-இன் போக, இவர் கால் செய்து ஜெயித்தால் சிப் இரட்டிக்கும். மதிப்போ 4,059 மட்டுமே. தோற்றால் வெறுங்கை. ஆக, பிளைண்டைச் சேர்க்காமல் பார்த்தால், கால் செய்ய அவருக்கு 77 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு சீட்டோடும் தள்ளினாலும், ஒரே சூட் ஏஸ்-கிங்குக்குக்கூட 67-தான் கிடைக்கும். ஜாக் ஜோடியே மயிரிழையில்தான் தேறும். அதே மோதலில் பெரியவருக்கு 57 போதும்.

கடைசி 1,000 சிப்காரருக்கு 59 இருந்தாலே ஆயிற்று. பிளைண்ட் போட்டுவிட்டாரென்றால் அதுவும் இறங்கும். துணிந்து கால் செய்வார். எனவே அடி விழ வேண்டியது இரண்டாமவர் மேல். சின்னவர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பயம் நீடிக்கும். அவரை அவசரப்பட்டு அனுப்பிவிடுவது பெரியவருக்கே நஷ்டம்.

தவறுகள் பெரும்பாலும் எண்களைப் போடும் இடத்தில் நடக்கின்றன. பிளைண்டும் ஆன்ட்டியும் வைப்பதற்கு முந்தைய ஸ்டாக்கைக் கொடுக்க வேண்டும். ஆன்ட்டி ஆளுக்கொன்றா, பிக் பிளைண்ட் மட்டும் போடுவதா என்று சரியாகக் குறிக்காவிட்டால் பானையின் (நடுவில் சேரும் சிப்பின்) அளவே மாறிவிடும். இரண்டு மேசை ஓடும்போது தன் மேசை ஸ்டாக்குகளை மட்டும் போட்டால் விடை குப்பை. மற்ற மேசைக்குக் குறைந்தது சராசரியாவது வேண்டும். சாட்டலைட் (பெரிய டோர்னமென்ட்டுக்கான நுழைவே பரிசாகும் ஆட்டம்) என்றால் எல்லாப் பரிசையும் ஒரே தொகையாகப் போடுங்கள். ஏஸ் ஜோடியையே ஃபோல்டு செய்யச் (கையை விட்டுவிடச்) சொல்லும்போது திகைக்க வேண்டாம், கணக்கு சரிதான்.

பெரிய குறை வேறு. எல்லோரும் பிசகில்லாமல் ஆடுவார்கள் என்று கருவி நம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஏஸ்-ஒன்பதைப் பிடித்துக்கொண்டு ‘வந்தது வரட்டும்’ என்று கால் செய்பவர் இருப்பார். அப்போது மோதிய இருவருக்கும் நஷ்டம், வேடிக்கை பார்த்த இருவருக்கு லாபம். எதிராளியின் கால் ரேஞ்சை, அதாவது அவர் கால் செய்யும் கைகளின் பட்டியலை, கையால் விரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உங்கள் ஆல்-இன் ரேஞ்ச் மளமளவென்று சுருங்கும். இந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம்.

அடுத்த கையில் பிளைண்ட் யாருக்கு விழும் என்பதைச் சாதா ஐசிஎம் பார்ப்பதில்லை. எஃப்ஜிஎஸ் முறையை முடுக்கினால் வரப்போகும் கைகளையும் சேர்த்துக்கொள்ளும், ஆனால் நேரம் பிடிக்கும். பெரிய ஸ்டாக்காரர் எப்போதும் ஆல்-இன் போகவும் தேவையில்லை; பிக் பிளைண்டைப் போல் இரண்டு மடங்கு ரைஸ் செய்தாலே பின்னால் நிற்கும் சிப் மிரட்டும். தள்ளு அல்லது விடு என்கிற அட்டவணையில் அந்த ஆட்டம் தெரியாது.

கட்டணம் டாலரில், ரேண்ட் சரிந்தால் நமக்கு விலை ஏறும். தென்னாப்பிரிக்காவில் 2004 சூதாட்டச் சட்டப்படி ஆன்லைன் போக்கருக்கு அனுமதி இல்லை, எனவே இங்கே இது கேசினோ ஆட்டத்துக்கு வீட்டில் தயாராகும் கருவி மட்டுமே. சீட்டு கையில் இருக்கும்போது போனில் திறக்கும் எண்ணமே வேண்டாம். மாதம் ஓரிரு டோர்னமென்ட் ஆடுபவர் ஆண்டுச் சந்தா கட்டத் தேவையில்லை. ஒரு மாதம் எடுத்து, நான்கு பேர், ஆறு பேர், ஒன்பது பேர் பபிளை (பரிசுக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டிய கட்டத்தை) வெவ்வேறு ஸ்டாக்குகளோடு ஓட்டி, கால் செய்யத் தேவையான சதவீதங்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போதும்.