புளியந்தீவில் வாங்கிய பூவேலைச் சதுரம்

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடு ஒன்றின் முன்னறைதான் கடை. பெயர்ப்பலகை இல்லை. அங்கே கையால் தைத்த பூவேலைச் சதுரம் ஒன்று வாங்கினேன். சட்டத்தோடு 9,500 ரூபாய். அந்த வேலைக்கு இது குறைந்த விலை.

போர்த்துக்கலின் வடக்கே மின்யோ பகுதியில் காதலர் கைக்குட்டை என்று ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளை துணியில் இதயம், பறவை, பூவோடு நாலு வரிக் கவியும் தைத்து, மனதுக்குப் பிடித்தவனுக்குக் கொடுப்பாள். ஊர் பார்க்க அவன் அதை அணிந்தால் சம்மதம். அதிகம் படிக்காத பிள்ளைகள் பேசுகிறபடியே எழுத்தைத் தைத்தார்கள். அந்தப் பிழைகளை அங்கே இன்றும் திருத்துவதில்லை.

கடைக்கார அக்கா எடுத்திருப்பது அந்த வடிவம்தான். ஆனால் வரிகள் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் பேசும் போர்த்துக்கேயம், தமிழ் எழுத்தில். 1628இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் 1638இல் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். மொழி மட்டும் இந்த வீடுகளில் தங்கிவிட்டது. 2004 சுனாமியில் மட்டக்களப்புக் கடலோரத்து டச்பாரில் எத்தனையோ பறங்கியர் குடும்பங்கள் போய்விட்டன; இப்போது அதைப் பேசுகிறவர்கள் கொஞ்சப்பேர்தான். அந்த வரியை நானும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்ததே, அதற்காகவே வாங்கினேன்.

மூலைகளில் புறாவுக்குப் பதிலாகக் கண்டல் இலையும் இறாலும். மட்டக்களப்பு என்றதும் எல்லோரும் நினைக்கும் பாடும் மீனைப் போடாமல் விட்டதற்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும்.

நான் மனையியல் படிப்பித்தவள். எந்தப் பூவேலையையும் புரட்டித்தான் பார்ப்பேன். பின்பக்கம் ஒரு முடிச்சுக்கூட இல்லை, நூல் நுனிகளெல்லாம் தையலுக்குள்ளேயே ஓடி மறைகின்றன. எழுத்துகள் சிவப்பிலும் கறுப்பிலும் குறுக்குத் தையல். பழைய கைக்குட்டைகளும் அப்படித்தான். இழை எண்ணித் தைக்கும்போது வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும், நம்முடைய எழுத்தோ முழுக்கச் சுழி. அக்கா தையலை மிகச் சிறிதாக்கியிருப்பதால் 'ண'வின் மூன்று சுழியும் உருண்டே நிற்கின்றன. இறாலின் மீசை ஒற்றை நூலில் காம்புத் தையல். அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டம்தான் சரியில்லை. கண்ணாடி துணியோடு ஒட்டி நிற்கிறது. வாவிக் காற்றுக்கும் மாரி மழைக்கும் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். நான் கழற்றி, ஓரங்களில் மட்டை வைத்துக் கண்ணாடியை விலக்கித் திரும்பப் பூட்டினேன். நீங்கள் சட்டம் இல்லாமல் வாங்குங்கள்.

விரும்பிய வரியைச் சொல்லியும் தைப்பிக்கலாம். ஆனால் அக்காவிடம் இருக்கும் வரிகளை முதலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் முடிவெடுங்கள். நத்தாருக்கு வேண்டுமென்றால் ஒக்டோபரிலேயே சொல்லிவைக்க வேண்டும்.