கடல் காற்றில் இரண்டரை வருடம்: வீட்டில் செய்த போன் கன்ட்ரோலர்

2023 மே விடுமுறையில், லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த அக்கா பையனுக்காகச் செய்தது இது. தொடுதிரையில் ஆடும்போது இரண்டு கட்டைவிரலும் பாதித் திரையை மறைக்கின்றன. கடலூர் வெயிலில் விரல் வியர்த்து வழுக்கவும் செய்கிறது. போனை நடுவில் செருகி இரு பக்கமும் பிடித்து ஆட ஒரு கூடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆரம்பித்தேன். இன்றும் அது ஓடுகிறது. செய்முறை எங்கு தேடினாலும் கிடைக்கும் என்பதால், இத்தனை நாளில் எது தாங்கியது, எது போனது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது ஏடிமெகா32யு4 சிப் கொண்ட சின்ன போர்டு. ஆர்டுயினோ லியனார்டோவில் இருப்பதும் இதே சிப்தான். அதற்கான நிரலை ஏற்றி யுஎஸ்பியில் சொருகினால், இது தன்னைக் கேம்பேட், அதாவது விளையாட்டுக் கன்ட்ரோலர், என்று போனுக்குச் சொல்லிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 2011-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே அதைப் புரிந்துகொள்கிறது. தனி ஆப் வேண்டாம், போனில் யுஎஸ்பி கருவிகளைச் சொருக உதவும் ஓடிஜி கேபிள் போதும். இரண்டு ஜாய்ஸ்டிக், பத்து பட்டன், எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழைய கேம் கருவிகளின் விளையாட்டுகளைப் போனில் ஓட்டும் ரெட்ரோஆர்ச், பிபிஎஸ்எஸ்பிபி ஆப்கள் இரண்டிலும் நன்றாக வேலை செய்கிறது. தொடுதிரைக்கென்று மட்டுமே எழுதப்பட்ட விளையாட்டுகளில் செய்யாது. வேலையில் இறங்குமுன் நீங்கள் ஆடும் விளையாட்டு கேம்பேடை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் கூடு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. ஐப்பசி மழை ஈரத்தில் ஓரமெல்லாம் ஊதி, பட்டன் ஓட்டைகள் இறுகிவிட்டன. அழுத்தின பட்டன் மேலே எழும்பவில்லை. அடுத்த கூட்டுக்கு, மஞ்சக்குப்பத்தில் சமையலறை அலமாரி வேலை நடந்த ஒரு வீட்டில் ஆசாரி ஒதுக்கிப் போட்டிருந்த பிவிசி போர்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். அது தண்ணீர் குடிக்காது, கட்டர் கத்திக்கே வெட்டுப்படும். அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் கொஞ்சமும் மாறவில்லை. ஒரே குறை, அதில் ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் நாலு தடவை கழற்றுவதற்குள் பிடிப்பு போய்விடும். அதனால் இந்தப் பக்கம் போல்ட், அந்தப் பக்கம் நட்டு என்று ஊடுருவிப் போட்டேன். போனின் முதுகுப் பக்கத்தைத் திறந்தே விட்டேன். மூடியிருந்தபோது சூடேறி விளையாட்டு திணறியது.

பட்டனுக்கு மேல்மூடியாகச் சட்டைப் பொத்தான்களை ஒட்டினேன். உடனடிப் பசை ஒரு துளி கூடிப்போனதில் ஸ்விட்சுக்குள் இறங்கி அதைக் கல்லாக்கிவிட்டது. இப்போது பொத்தானின் அடியில் குண்டூசி முனையால் தொட்டு வைக்கும் அளவுக்குத்தான் பசை.

நான்காவது மாதம் போர்டில் கேபிள் சொருகும் மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட், கீழிருந்த செம்புத் தடத்தோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. தினமும் சொருகிப் பிடுங்கியதன் பலன். அப்போது கூட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தேன், உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. புது போர்டில் ஒரு குட்டை கேபிளை நிரந்தரமாகச் சொருகி, அதைக் கூட்டின் சுவரோடு கட்டிவிட்டேன். இழுப்பெல்லாம் கூடு வாங்கிக்கொள்ளும், சாக்கெட்டுக்குப் போகாது. இன்றுவரை அந்தப் பக்கம் தொந்தரவில்லை.

ஒன்பதாவது மாதம் ஜாய்ஸ்டிக் கெட்டது. "மாமா, நான் கையே வைக்கல, அதுவா இடது பக்கம் நடக்குது" என்றான். இந்த ஜாய்ஸ்டிக்குள் கார்பன் தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கிறது. தடம் தேய்ந்தால் நடுப்புள்ளி நகரும். 0 முதல் 1023 வரை வரும் அளவில், கை எடுத்ததும் 512 பக்கத்தில் நிற்க வேண்டியது 470-இல் நின்றது. நடுவில் இவ்வளவு தூரம் வரை கண்டுகொள்ளாதே என்று நிரலில் எல்லையைக் கூட்டினேன், மூன்று மாதம் ஓடியது. அதன் பிறகு காந்தமும், அதன் நகர்வைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரும் உள்ள ஜாய்ஸ்டிக் மாற்றினேன். அதில் உரசுவதற்கு ஒன்றுமில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் முதலிலேயே இதை வாங்கியிருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பெரிய அடி கடல் காற்றிலிருந்து வந்தது. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் மூடிக்கிடந்த அறையில் சுவரே வேர்த்தது. டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் மூன்று பட்டன் பேசவில்லை. திறந்தேன். பற்றவைத்த இடங்களைச் சுற்றி, தேய்க்காத குத்துவிளக்கில் படியுமே, அதே பச்சைக் களிம்பு. அழுத்தினால் மல்டிமீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய ஸ்விட்ச் 40 கிலோ ஓம் காட்டியது.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் அது அன்றாடம் நடப்பது. நானோ பற்றவைத்தபோது வழிந்த ஃபிளக்ஸையும் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) கழுவாமல் விட்டிருந்தேன், அதுவும் செம்பை அரித்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷை நனைத்துத் தேய்த்து, மூன்று ஸ்விட்சையும் மாற்றி, முனைகளின் மேல் அக்காவின் நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு கை பூசினேன். துருவேறிய போல்ட்டுகளுக்குப் பதில் எவர்சில்வர் போல்ட். ஆடி முடித்ததும் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் திறந்து பார்த்தேன், களிம்பு இல்லை.

இப்போது போனைப் பிடிக்கும் சைக்கிள் டியூப் பட்டைதான் பிசுபிசுக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. பஞ்சர் கடையில் ஒரு முழத் துண்டு சும்மாவே கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் பையன் நான்கு போல்ட்டையும் தானே கழற்றி, பழைய பட்டையை எடுத்துவிட்டு, புதியதைக் கத்தரியால் அளவெடுத்துக்கொண்டிருந்தான்.