தென்னையா, செம்பனையா?

சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தின் பெயரில் ஒலிப்பது தென்னமரம். ஆனால் மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, முதலில் நட்டது இங்கேதான், 1917இல்.

இரண்டும் பனைக் குடும்பம்தான். தென்னை ஓலை காய்ந்தால் தானே கழன்று விழும், தண்டில் வளையத் தழும்பு மிஞ்சும். செம்பனையின் அடிமட்டையோ வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதில் பெரணி முளைக்கும். மட்டையில் முள் வேறு.

பூவிலும் வித்தியாசம். தென்னம்பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்தே இருக்கும்; செம்பனையில் தனித்தனிக் குலை. 1981இல் மகரந்தம் பரப்பும் ஆப்பிரிக்க வண்டு வந்து சேரும்வரை, தொழிலாளர்கள் கையாலேயே மகரந்தம் தூவினார்கள். எவ்வளவு உழைப்பு!

எண்ணெய் விளைச்சலில் செம்பனைக்குத் தென்னை ஈடாகாது. சரி, வீட்டு வாசலுக்கு? நான் தென்னையைத்தான் சொல்வேன். தேங்காயை வீட்டிலேயே துருவலாம். செம்பனைக் குலை ஆலைக்குத்தான் போக வேண்டும்.