பென் டார்ச்: வெளிச்சம் அருமை, அளவுகோல் தொல்லை

நியூரோ வார்டுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவி ஒருத்தி, "அக்கா, நீங்க வச்சிருக்கிற டார்ச்சையே நானும் வாங்கிடட்டுமா?" என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வருடக்கணக்கில் இதைத்தான் சட்டைப் பையில் சுமக்கிறேன். பிடிக்கும், ஆனால் தினமும் திட்டுவேன்.

அலுமினிய உடம்பு, இரண்டு பேட்டரி, கிளிப், பக்கவாட்டில் கண்பாவையின் அளவைப் பார்க்க மில்லிமீட்டர் கணக்கில் கறுப்புப் புள்ளிகள். இந்த மாதிரி மருத்துவ டார்ச்சுகளில் வழக்கமாக இருப்பதுதான்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் சாய்ந்த, நடுவில் இருட்டு வளையம் விழாத வட்டம். பளீரென்ற நீல வெள்ளை எல்இடியைக் காட்டினால் நினைவோடு இருக்கும் நோயாளி கண்ணை இறுக மூடிக்கொள்வார். அப்புறம் எதைப் பார்ப்பது? இதைக் கண்ணின் வெளிப்பக்கமிருந்து மெல்லக் கொண்டுவந்தால் பாவை சுருங்குவது தெளிவாகத் தெரியும். சுறுசுறுப்பாகச் சுருங்குகிறதா, சோம்பலாகச் சுருங்குகிறதா என்ற வித்தியாசத்தைப் பழுப்புக் கருவிழியில் கண்டுபிடிப்பது லேசு இல்லை. இந்த டார்ச்சில் முடிகிறது.

மாணவிகள் வெளிச்சம் அடித்த கண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு கண்ணில் விழும் வெளிச்சம் இரண்டாம் கபால நரம்பான பார்வை நரம்பு வழியே நடுமூளைக்குப் போய், சுருங்கச் சொல்லும் கட்டளையாக இரண்டு பக்கத்து மூன்றாம் கபால நரம்புகளிலும் திரும்பி வருகிறது. அதனால் வலது கண்ணில் அடித்தால் இடதும் சுருங்க வேண்டும். வலது பார்வை நரம்பு செத்திருந்தால், வலதில் அடிக்கும்போது இரண்டும் அசையாது. இடதில் அடித்தால் இரண்டும் சுருங்கும். வலது மூன்றாம் நரம்பு கெட்டிருந்தால், எந்தக் கண்ணில் அடித்தாலும் வலது பாவை விரிந்தே நிற்கும். பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் வெளிப்புறமாக ஓடுகின்றன. மண்டைக்குள் ரத்தக்கட்டோ வீக்கமோ மூளையைத் தள்ளி நரம்பை அழுத்தும்போது முதலில் அடிபடுவது அவைதான். சர்க்கரை நோயில் நரம்பின் உள்பகுதிதான் பெரும்பாலும் பாதிக்கப்படும். இமை தொங்கும், பாவை பெரும்பாலும் தப்பித்துவிடும்.

இப்போது தொல்லைக்கு வருகிறேன். அந்தப் புள்ளிகள் வெறும் பெயிண்ட். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஸ்பிரிட்டால் துடைத்தாக வேண்டும். கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும் 3, 4 புள்ளிகள்தான் முதலில் அழிந்தன. மணிக்கு ஒரு தரம் தேவைப்படுவதும் அவைதான். 8, 9 மட்டும் இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன. முந்தைய ஷிஃப்ட் 3 என்று எழுதியிருக்கும், எனக்கு 4 போலத் தோன்றும். மாறியது பாவையா, பார்த்தவர் கண்ணா? ஐந்தில் ஒருவருக்கு இரு பாவைகளுக்கும் இயல்பாகவே ஒரு மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்கும். ஆகவே புதிதாக மாறியதா என்பதுதான் கேள்வி. அதற்கு அளவுகோல் இல்லாமல் ஆகாது. மேலே டேப் ஒட்டிப் பார்த்தேன், ஸ்பிரிட்டில் சுருண்டு வந்துவிட்டது. இதில் வேடிக்கை, கம்பெனி பெயரை மட்டும் உலோகத்தில் ஆழமாகப் பொறித்திருக்கிறார்கள். அது எந்தக் காலத்திலும் அழியாது!

நியாயமாகவும் பேச வேண்டும். நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்பதை எண்ணில் சொல்லும் கிளாஸ்கோ ஸ்கோர் 1974-இல் வந்தது. அதோடு பாவையையும் சேர்க்கும் முறை 2018-இல் வந்தது: மொத்தத்திலிருந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காத பாவைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். 3 எடுத்தவருக்கு இரண்டும் சுருங்கவில்லை என்றால் 1. இந்தக் கணக்குக்குப் புள்ளிகள் வேண்டாம், வெளிச்சம் போதும். அதில் இந்த டார்ச் என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

ஆனாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். கணக்கு உதைக்கிறது, தெரியும். இன்று காலை ஷிஃப்ட் மாறி அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது 3-ஆ 4-ஆ என்று மறுபடி வாக்குவாதம். வேறு நாளாக இருந்தால் நான்கு போட்டிருப்பேன்.

அந்த மாணவியிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். புள்ளிகள் பொறித்த டார்ச் கிடைத்தால் வாங்கு. கிடைக்காவிட்டால், அளவுகோலைத் தனியாக அச்சடித்து லேமினேட் செய்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொள். அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து ஒரு தரம் அளந்து பார், பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் சுருக்கிவிடும்.