ஆஸ்பத்திரித் தெருவில் வண்டி நிறுத்தம்: குடியிருப்போர் பாஸா, ஒருபக்க நிறுத்தமா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு ஒன்று 20 அடி அகலம் என்று வையுங்கள். இருபக்கமும் கார் நின்றால் ஆளுக்கு 6 அடி போக மிச்சம் 8 அடி. சுவரோர இடைவெளியையும் பக்கக் கண்ணாடியையும் கழித்தால் 108 வண்டி திணறும்.

ஒற்றைத் தேதிக்கு ஒருபக்கம், இரட்டைத் தேதிக்கு மறுபக்கம் என்பது செலவில்லாத வழி, பலகை போதும். ஆனால் நோயாளிக்குத் துணையாக ராத்தங்கியவரின் வண்டி, விடிந்தால் தப்பான பக்கத்தில் நிற்கும். குடியிருப்பவருக்கும் இடம் உறுதியில்லை.

தெருவில் குடியிருப்பவர் மட்டும் வண்டி நிறுத்தலாம் என்கிற பாஸ் அந்த உறுதியைத் தரும், எண்ணிக்கையை அளந்து கொடுத்தால். 300 அடித் தெருவில் ஒருபக்கம் 12 வீட்டு கேட்டுக்குத் தலா 10 அடி விட்டால் மிச்சம் 180 அடி. காருக்கு 18 அடி வீதம் பத்தே கார். பன்னிரண்டு பாஸ் கொடுத்தால் அன்றே சண்டைதான். ஆர்சி முகவரியைக் கேட்காதீர்கள், தூத்துக்குடி டிஎன் 69 வண்டி வைத்திருக்கும் வாடகைக்காரர் பாவம். வாடகை ஒப்பந்தமும் கரண்டு பில்லும் போதும்.

எங்கள் கணிப்பில் பாஸ்தான் மேல், அதுவும் மாலை 6 முதல் காலை 7 வரை மட்டும். காலை ஓபிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவர் வண்டியை எங்கே விடுவார்?