நரையை மறைக்க: வீட்டில் டை அடிப்பதா, பார்லருக்குப் போவதா?

வீட்டில் டை அடிப்பதையும் பார்லரில் அடிப்பதையும் பெரும்பாலும் காசுக் கணக்காகவே பேசுகிறார்கள். காசில் வித்தியாசம் பெரிதுதான். ஆனால் பலர் நினைப்பதுபோல, பார்லரில் தடவுவது கெடுதல் இல்லாத மருந்து, கடையில் வாங்குவது கெட்ட மருந்து என்று கிடையாது. நிரந்தர ஹேர் கலர் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருக்கும் வேதியியல் கிட்டத்தட்ட ஒன்றே. பார்லரில் நாம் கொடுக்கும் பணம் இரண்டு விஷயத்துக்குப் போகிறது: நம்மால் பார்க்க முடியாத பிடரியையும் உச்சியையும் பார்க்கும் கண், நிறத்தை அளந்து கலக்கத் தெரிந்த கை. அந்த இரண்டும் நம் தலைக்கு எப்போது தேவை என்று தெரிந்துகொண்டால் குழப்பம் இருக்காது.

இரண்டிலும் நடப்பது என்ன?

ஹேர் கலரில் நிறக் கிரீம் ஒன்று, டெவலப்பர் ஒன்று. கிரீமில் உள்ள அமோனியா முடியின் மேல் செதில்களைத் தளர்த்துகிறது. பிபிடி (பாரா-ஃபினைலீன்டைஅமைன் என்ற சாயப்பொருள்) போன்ற மிகச் சிறிய மூலக்கூறுகள் அந்த வழியாக உள்ளே போகின்றன. டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய நிற மூலக்கூறாக மாற்றுகிறது. பெரிதான பின் வந்த வழியே திரும்ப முடியாது. அதனால்தான் ஷாம்பூ போட்டாலும் போவதில்லை.

வீட்டில் நடக்கும் பல தவறுகளுக்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. கலந்து வைத்துவிட்டு போன் பேசப் போனால், மூலக்கூறுகள் கிண்ணத்திலேயே சேர்ந்து பெரிதாகிவிடும். பிறகு தடவினால் முடிக்குள் நுழையாமல் மேலேயே ஒட்டி, இரண்டு தலைக்குளியலில் கழுவிக்கொண்டு போகும். கலந்த 20, 30 நிமிடத்துக்குள் தடவி முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மூடி வைத்து அடுத்த மாதம் பயன்படுத்தவும் முடியாது. மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். உலோகக் கிண்ணம் வேண்டாம், பிளாஸ்டிக் அல்லது பீங்கான் போதும்.

தண்ணீரில் கலக்கும் கருப்புப் பவுடர் பாக்கெட்டிலும் பிபிடிதான் வேலை செய்கிறது. டெவலப்பருக்கு உரிய பொருள் தூளாக அதிலேயே கலந்திருக்கிறது, அவ்வளவே. 'அமோனியா இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால், அமோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் எத்தனால் அமைன் இருக்கும். நெடி குறையும். பிபிடி இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. அலர்ஜிக்குப் பயந்து அமோனியா இல்லாத பாக்கெட் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அலர்ஜி தருவது பெரும்பாலும் பிபிடியும் அதன் உறவுப் பொருட்களும்.

ஆகவே 48 மணி நேரத்துக்கு முந்தைய சோதனை இரண்டு இடத்துக்கும் பொது. காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்மடிப்பில் பாக்கெட்டில் சொன்னபடி சிறு துளி தடவி, இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்தக் கலர் தலைக்கு வேண்டாம். பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கும் பதினோராவது வருடம் வரலாம். பார்லர்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. இரண்டு நாள் முன்பே போய்க் கேட்டுச் செய்துகொள்வது நம் பொறுப்பு. கருப்பு மெஹந்தியிலும் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும் என்பதால், அதைக் கையில் போட்டு எரிந்து கொப்புளித்தவர்கள், சோதனைகூடச் செய்யாமல் முதலில் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. புருவத்துக்கும் இமைக்கும் ஹேர் டை கூடவே கூடாது.

எந்த எண், எந்த வால்யூம்

ஷேட் எண்ணில் முதல் இலக்கம் ஆழத்தைச் சொல்கிறது: 1 கருப்பு, 3 அடர் பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு, 5 வெளிர் பழுப்பு. நம்மூர்த் தலைகளில் 1-ஐப் பூசினால் விக் வைத்ததுபோல் தட்டையாகத் தெரியும். இரண்டு வாரத்தில் வகிடு வெள்ளைக் கோடாகப் பளிச்சிடவும் செய்யும். 3 பூசினால் வெயிலில் மட்டும் லேசாகப் பழுப்படிக்கும், வளரும் நரையும் அவ்வளவு முரணாகத் தெரியாது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு 4 கூட அழகாக இருக்கும்.

பர்கண்டி, செம்பு போன்ற ஷேடுகளில்தான் வீட்டில் அதிகம் சறுக்குகிறது. கருமுடி மேல் பர்கண்டி வெயிலில் மட்டும் மினுங்கும். அதே கலர் நரை மேல் ஏறினால் பளீர் சிவப்பாக நிற்கும். பாதி நரைத்த தலையில் இரண்டும் சேர்ந்து திட்டுத்திட்டாகத் தெரியும். பார்லரில் தெரிந்தவர் செய்தால், அதே கம்பெனியின் அதே வரிசையில் உள்ள இயல்பு நிறத்தையும் பர்கண்டியையும் பாதிக்குப் பாதி கலப்பார். நரையை இயல்பு நிறம் மூடும், மற்றது சாயல் தரும். ஒரே ட்யூப் உள்ள பாக்கெட்டில் இதற்கு வழியில்லை.

டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3% பெராக்சைடு, 20 என்றால் 6%, 30 என்றால் 9%, 40 என்றால் 12%. நரையை மறைக்க 20 வால்யூம் சரியானது. 10 போட்டால் நரை முழுதாக மூடாமல் உள்ளே வெள்ளை தெரியும். 30 போட்டால் சொந்தக் கருநிறம் வெளுத்துச் செம்பட்டை வெளிப்படும், தலைத்தோல் எரியும், நரையில் கலர் கூடுதலாகப் பிடிக்கவும் செய்யாது. கடைப் பாக்கெட்டில் அளவு ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பார்லரில் 'எத்தனை வால்யூம் போடுகிறீர்கள்' என்று கேளுங்கள். நரைக்கு 30 என்று பதில் வந்தால் ஏன் என்று மறுபடி கேட்கத் தயங்க வேண்டாம்.

வீட்டில் சரியாகச் செய்வது

குட்டை முடி வைத்த ஆண்களுக்கு 20 கிராம் கிரீமும் 20 மில்லி டெவலப்பரும் உள்ள ஒரு சாஷே போதும். வேர் மட்டும் அடிக்கும் பெண்களுக்கு 30 கிராம் கிரீம், ட்யூபில் சொன்ன விகிதப்படி 30 முதல் 45 மில்லி டெவலப்பர். தோள் வரை முழு முடிக்கு 60 கிராமாவது வேண்டும். இடுப்பு வரை நீளம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. பாதியில் தீர்ந்துபோய் அடுத்த பாக்கெட் பிரிக்க ஓடுவது நிறம் திட்டாவதற்கு நேர்வழி.

முந்தைய நாள் தலை குளித்திருக்க வேண்டும், அன்று காலை அல்ல. தலைத்தோலில் இருக்கும் இயல்பான எண்ணெய்ப் பசை எரிச்சலைக் குறைக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் வழிய வைத்த தலையில் கலர் நரையில் சரியாகப் பிடிக்காது. முடி காய்ந்திருக்கட்டும். நெற்றியோரம், காது மடல், பிடரி என முடி முடியும் இடத்துத் தோலில் வாசலின் தடவுங்கள், முடி மேல் படாமல்.

நரை மறையாமல் நிற்பது பெரும்பாலும் நெற்றியோரத்திலும் காதோரத்திலும்தான். அங்கிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கருமுடி நனைந்து தொங்கும்; முரட்டு நரை முறுக்கிக்கொண்டு நிற்க, தண்ணீர் மணிமணியாக உருண்டு விழும். அதன் செதில்கள் இறுக்கமாக மூடியிருப்பதுதான் காரணம். தண்ணீரே ஏறாத இடத்தில் கலர் எப்படி ஏறும்? அதனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அங்கே கலர் அதிக நேரமும் இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும். உச்சியில் தொடங்கிக் கடைசியில் காதோரத்துக்கு வந்தால், மிஞ்சிய கொஞ்சம் கலரும் குறைந்த நேரமும்தான் அதற்குக் கிடைக்கும். பார்லரில் அனுபவமுள்ளவர்கள் அந்த இடத்தில் டெவலப்பரை மட்டும் முதலில் தடவி 10 நிமிடம் விட்டு, ஒற்றி எடுத்துவிட்டுக் கலர் பூசுவார்கள். ட்யூபும் டெவலப்பரும் தனித்தனியாக வாங்கி வீட்டில் அடிப்பவர்களும் இதைச் செய்யலாம்.

தலையை நெற்றி முதல் பிடரி வரையும், காது முதல் காது வரையும் வகிடெடுத்து நான்காகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் அரை சென்டிமீட்டர் தடிமனில் வகிடு எடுத்து, பிரஷ்ஷால் வேரின் இரு பக்கமும் பூசுங்கள். தடிமன் கூடினால் நடுவில் இருக்கும் நரை நனையாமல் தப்பிவிடும். பின்னந்தலைக்கு இரண்டாவது கண்ணாடி உதவும். கூட இன்னொரு ஆள் இருந்தால் அதைவிட உதவும்.

நேரத்தைப் பூசி முடித்ததிலிருந்து கணக்கிடுங்கள். நரைக்கு 30 முதல் 40 நிமிடம்; பாக்கெட்டில் எழுதியிருப்பதே இறுதி. 15 நிமிடத்தில் கருப்பாகிவிட்டதே என்று அலசினால், மேலே தெரிந்த நிறம் வேறு, உள்ளே முழுதாக உருவாக வேண்டிய நிறம் வேறு. அந்த நரை பத்து நாளில் வெளுத்துவிடும். முடிந்ததும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, தலையிலேயே இரண்டு நிமிடம் பிசைந்து தேய்த்த பிறகு அலசுங்கள். அந்தக் கலர் நுரையே தோலில் ஒட்டிய கறையைத் தூக்கிவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, ஷாம்பூவை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். கடினமான போர்வெல் தண்ணீர் உள்ள இடங்களில் உப்புப் படிந்து நிறம் மங்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்து வையுங்கள்.

மாதா மாதம் முழு நீளத்துக்கும் அடிப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது; அந்த ஒரு சென்டிமீட்டருக்குத்தான் கலர் தேவை. ஏற்கெனவே அடித்த இடத்தில் மறுபடி மறுபடி ஏற்றினால் நுனி மைபோல் கறுத்து, வறண்டு, வேருக்கும் நுனிக்கும் வேறு வேறு நிறமாகிவிடும். நுனி வெளுத்திருந்தால் கடைசி 5 நிமிடம் மட்டும் கலரை நீளத்துக்கு இழுத்துவிட்டால் போதும்.

பார்லரில் எதைக் கவனிக்க வேண்டும்

நல்ல பார்லரின் பலம் மேலே வந்துவிட்டது: பின்னந்தலையில் சீரான பூச்சு, ஷேடுகளைக் கலக்கும் அறிவு, முரட்டு நரைக்குத் தனிக் கவனிப்பு. ஆனால் அவசர பார்லரும் உண்டு. ட்யூபைச் சிக்கனம் பிடித்து டெவலப்பரைக் கூடுதலாக ஊற்றினால் கலர் நீர்த்து நரை பாதி மறையும். உங்கள் கண்முன் சீல் உடைக்கச் சொல்லுங்கள், எடைத் தராசில் அளக்கிறார்களா என்று பாருங்கள். ரூட் டச்-அப் (வேருக்கு மட்டும்) போதும் என்கிற இடத்தில் 'குளோபல்' (முழு முடிக்கும்) அடிக்கச் சொல்லி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அதே நுனி கறுக்கும் பிரச்சினை பார்லரிலும் வரும், பில்லும் கூடும்.

பார்லரை விட்டால் வழியில்லை என்கிற வேலைகள் சில உண்டு. கலர் மேல் கலர் அடித்து நிறத்தை வெளிராக்க முடியாது. வருடக்கணக்கில் கருப்பு அடித்தவர் பழுப்புக்கு மாற நினைத்தால், 5 எண் பாக்கெட் வாங்கி அடித்தால் வேர் மட்டும் செம்பழுப்பாகும், நீளம் கருப்பாகவே நிற்கும். பழைய நிறத்தை இறக்க பிளீச்சோ கலர் ரிமூவரோ வேண்டும். அதைத் தன் தலையில் தானே செய்துகொள்வது முடி அறுந்துபோகும் வேலை. டையை நிறுத்தி நரையோடு இருக்க விரும்பி, இடைப்பட்ட மாதங்களில் மெல்லிய ஹைலைட்டால் கோடு தெரியாமல் கலக்கச் சொல்வதும் பார்லர் வேலையே. முடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவர்களும் அங்கேயே போகட்டும்.

மருதாணி, அவுரி

பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உண்மையான மாற்று. ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கும், திண்டிவனம் பக்கம் அவுரிக்கும் பெயர் பெற்றவை. மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சாகும். இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அலசி, மேலே அவுரிப் பொடி போட வேண்டும். அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புடன் குழைத்து, 15 நிமிடத்தில் தடவத் தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். அலசியவுடன் பச்சை சாயல் தெரிந்தால் பயம் வேண்டாம். இரண்டு நாளில் காற்றுப்பட்டு அடர் பழுப்பாகும். அதுவரை ஷாம்பூ கூடாது. அரை நாள் போகும், கருப்பு உத்தரவாதமும் இல்லை. பத்து நிமிடத்தில் கருப்பாக்கும் என்கிற 'கருப்பு மருதாணி' பாக்கெட்டில் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும், பின்பக்கம் படியுங்கள். அவுரி போட்ட முடியில் பிளீச் பட்டால் பச்சையாகலாம் என்பதால் பார்லரில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செலவு, இரண்டையும் கலந்த வழி

சாஷேயில் ஒரு முறைக்கு நூறு ரூபாய்க்குள் முடியும். பெட்டிக் கலர் சில நூறு. சென்னையில் நடுத்தர பார்லரில் ரூட் டச்-அப் ஏறத்தாழ 1000 முதல் 2000 ரூபாய், நீள முடிக்கு குளோபல் அதைப் போல் பல மடங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கான ஜிஎஸ்டி 18%-இலிருந்து 5% ஆகக் குறைந்தது. விலைப்பட்டியல் ஜிஎஸ்டியைச் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் கால்வாசிக்குள் நரை, சொந்த நிறத்தையே அடிக்கிறீர்கள் என்றால் வீடே போதும். பாதிக்கு மேல் நரை, முதல் முறை என்றால் நல்ல பார்லரில் ஒரு முறை செய்து, இடை மாத வேர் வேலையை வீட்டில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்னந்தலையையும் நுனியையும் சரிசெய்ய மட்டும் அங்கே போகலாம். அதற்கு அந்த முதல் நாளிலேயே கம்பெனி, வரிசையின் பெயர், ஷேட் எண்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிராம், டெவலப்பர் எத்தனை வால்யூம் எத்தனை மில்லி, எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்று கேட்டுப் போனில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தயங்கும் பார்லரில் காலியான ட்யூபையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.